பூட்டில்லாத சாவிகள்

போகிக்கு முன்னால் வீட்டை ஒழிப்பது நம் பக்கத்து வழக்கம். பரணில் இருப்பது கீழே இறங்கும். அலமாரியில் இருப்பது முற்றத்துக்கு வரும். அந்துருண்டை நெடி தெருவரைக்கும் அடிக்கும். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "இது இனிமேல் எதற்கு உதவும்?" மிகவும் நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் நான் ஒரு தவறு செய்தேன்.

1974-ஆம் ஆண்டுப் பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதற்குச் சில நாள் முன்பு நடந்தது இது. திருமயத்துக்குப் பக்கத்தில், செட்டிநாட்டு வீடுகள் நிறைந்த ஓர் ஊர். எங்கள் வீட்டுக்கு எதிரே, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் பெரிய வீட்டில் ஆச்சி ஒருவர் தனியாக இருந்தார். அத்தனை அறைகளில் இரண்டில் மட்டுந்தான் விளக்கு எரியும். அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், சென்னையிலிருந்த மகன் எனக்கு எழுதினார்: "வெள்ளையடிக்க ஆள் வருகிறது. ஆச்சியின் அலமாரியை ஒழித்து, வேண்டாததைக் கழித்துவிடு." யாருக்கு வேண்டாதது என்று அவர் எழுதவில்லை; நானும் கேட்கவில்லை. அப்போது எனக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. பிறர் வீட்டுச் சாமானைக் கழிப்பதில் ஓர் உற்சாகம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ!

மேல் தட்டில் பன்னிரண்டு கம்பளிகள், மடிப்புக் கலையாதவை. நடுத்தட்டில் பட்டுப்புடவைகள், எனாமல் தூக்குகள். அடித்தட்டில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் முப்பது நாற்பது இரும்புச் சாவிகள். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன்; ஒன்றாவது ஒரு பூட்டிலாவது நுழைய வேண்டுமே! கம்பளிகளைத் தட்டித் துடைத்துப் புது அந்துருண்டை போட்டு அடுக்கினேன். சாவிகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன்.

ஆச்சி வந்ததும் அலமாரியைத் திறந்தார். கை நேராக அடித்தட்டுக்குப் போயிற்று.

"சாவியெல்லாம் எங்கே தம்பி?"

சொன்னேன். பிறகுதான் அவர் சொன்னார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, கடையையும் வீட்டையும் பெட்டகங்களையும் பூட்டிவிட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள். சண்டை ஓய்ந்ததும் போய்த் திறக்கலாம் என்றிருந்தார்கள். 1964-இல் அங்கே கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டபின் அந்த நினைப்பும் போயிற்று.

"அந்தக் கடைக்கு இனிப் போகப் போகிறோமா, ஆச்சி?" என்று என் நியாயத்தைச் சொன்னேன்.

"போகப் போறதில்லை. ஆனா இருந்தோமில்லையா?"

இப்போது வீட்டை ஒழுங்கு செய்வதற்கென்றே உலகெங்கும் புத்தகங்கள் விற்கின்றன. ஜப்பானில் மேரி கோண்டோ என்ற பெண்மணி, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா?' என்று கேட்கச் சொன்னார். இல்லையென்றால் அதற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். நன்றி சொல்லச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. (மூன்றாவது குழந்தை பிறந்தபின் தம் வீட்டை அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க முடியவில்லை என்று 2023-இல் அவரே ஒப்புக்கொண்டார். அதற்காகவும் அவரைப் பிடித்திருக்கிறது.) ஆனால் அந்தச் சாவிகள் ஆச்சிக்கு மகிழ்ச்சியா தந்திருக்கும்? உதவவும் இல்லை, மகிழ்ச்சியும் தரவில்லை. இரண்டு கேள்வியிலும் தோற்றுப்போகிற பொருள் அது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற தம்பதியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்து 'ஞானாலயா' என்ற நூலகமாக்கினார்கள். அதன் அடுக்குகளை நினைக்கும்போதெல்லாம், இவற்றில் எத்தனை புத்தகம் யாரோ ஒருவர் வீட்டில் 'எதற்கு உதவும்?' என்ற கேள்வியில் தோற்றிருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் எதையுமே கழிக்கக் கூடாதா? அதற்கும் ஆச்சி வழி வைக்கவில்லை. மேல் தட்டைப் பார்த்தவர் கோபித்துக்கொண்டது சாவிக்காக அல்ல, கம்பளிக்காக.

"இதை எதுக்கு மறுபடி அடுக்கினே? வாசல் கூட்டுறவ புள்ளைகளை வச்சுக்கிட்டு மார்கழிக் குளிர்ல சாக்கைப் போத்திக்கிட்டுக் கெடக்கா. அவளுக்குக் கொடுக்கணும்னுதானே மேலே எடுத்து வச்சிட்டுப் போனேன்!"

அந்தப் பெண்ணை நானும் தினம் விடியற்காலையில் பார்த்தவன்தான். கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் ஞாபகம் எனக்கு வரவில்லை. நல்ல கம்பளி, விலை உயர்ந்தது, பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வந்தது. சாவிக்கு இரும்பின் விலை. கம்பளிக்குக் கம்பளியின் விலை. நான் ஒழித்தது ஆச்சியின் அலமாரியை. அளந்தது கடைக்காரர் தராசில்.

அன்று சாயங்காலமே இரும்புக் கடைக்கு ஓடினேன். மூட்டை திருச்சிக்குப் போய்விட்டிருந்தது. கடைக்காரர் குவியலின் அடியில் துழாவி மூன்று சாவிகளை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். ஆச்சி விளக்கடியில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, மூன்றாவதை என்னிடமே நீட்டினார்.

"இது நம்மளுது இல்லை தம்பி. யாருதோ! கொண்டுபோய்க் கொடுத்திடு."