வங்கித் தலைவர் எழுதிய வங்கிச் சட்டம்

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்த நாட்களில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வங்கிப் பங்குகளை வாங்கி விற்றது அம்பலமானது. அவர்கள் பங்கு வணிகம் செய்யலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 2012-ஆம் ஆண்டுச் சட்டம், பங்கை வாங்கினாலோ விற்றாலோ 45 நாளுக்குள் கணக்குக் காட்டச் சொல்கிறது. தவறினால் வழக்கமான அபராதம் 200 டாலர். கேலிக்கூத்து! தனக்கு ஆதாயமுள்ள தொழிலுக்குத் தானே சட்டம் எழுதுவது அறமன்று. இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

லூயிஸ் மெக்ஃபேடனைப் பாருங்கள். பென்சில்வேனியாவின் கான்டன் என்ற சிற்றூரில், 1892-இல் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியில் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். 1899-இல் காசாளர். 1915-இல் நாடாளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே வங்கிக்குத் தலைவரானார். 1920-இல் கீழவையின் வங்கிக் குழுவுக்கும் தலைவர். 1925 வரை இரு நாற்காலியிலும் ஒருவரே!

அவர் பெயரால் வழங்கும் 1927-ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய வங்கிகள் மாநிலம் தாண்டிக் கிளை திறக்க வழிவிடவில்லை. பெருநகர வங்கிகள் கான்டன் போன்ற ஊர்களுக்குள் நுழைய முடியவில்லை. அவர் கையூட்டு வாங்கினார் என்பதல்ல குற்றச்சாட்டு. தன் ஊர் வங்கியின் நலமே நாட்டின் நலம் என்று அவர் மனதார நம்பியிருக்கலாம். ஆபத்தே அந்த நம்பிக்கைதான். 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூழ்கின. கிளைகள் பரப்பிய கனடாவில் ஒன்றும் மூழ்கவில்லை. (கிளைத்தடை மாநிலச் சட்டங்களில் முன்பே இருந்தது என்பதும் உண்மை.) அவரோ மத்திய வங்கியைச் சாடினார்; 1933-இல் அவையிலேயே யூதர்கள்மீது பழி போட்டார். 1934-இல் தேர்தலில் தோற்றார்.

தொழில் தெரிந்தவர் அவையில் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான்.

ஆனால் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது வணிகருக்கே. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலையைப் பட்டினப்பாலை புகழ்கிறது. கடைத்தெருவுக்கே இந்த நெறி என்றால் சட்ட அவைக்கு? முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படியுங்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவர் உறவினர் பெயரும் குடவோலையில் ஏறாது. 200 டாலர் கட்டிவிட்டுத் தப்பிவிட முடியாது.

வங்கியாளரின் அறிவு தேவையென்றால் குழுவின் முன் சாட்சியாக அழைத்துக் கேட்கலாம். குழுவில் உட்கார வருபவர் பதவியேற்கும் முன்பே பங்குகளை விற்க வேண்டும், வங்கிப் பதவியைத் துறக்க வேண்டும். மனமில்லாதவர் ஊர் வங்கியிலேயே இருக்கட்டும்.