பரீட்சைக் கூடம் வரை வரும் பட்டப்பெயர்



பொதுத்தேர்வு நெருங்குகிறது. பிள்ளைகளுக்காக துஆ செய்யச் சொல்லிப் பெற்றோர்கள் வருகிறார்கள். செய்வோம், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் நம் நாவைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பரிகசிக்காதீர்கள், குறை சொல்லாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று ஹுஜுராத் சூராவின் 11-வது வசனத்தில் அல்லாஹு தஆலா தடுக்கிறான். ஒரு சொல் மனிதனுக்குள் என்ன செய்யும் என்பதைப் படைத்தவன் அறிவான்.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஹாஃப், பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாத இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் விடுவித்தார்கள். அனைவர் முன்னிலையிலும் சாதியை அறிவித்த இடத்தில், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். புதிர் ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். கூடுதலாகச் சேர்ந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே!

காரணம் என்னவாக இருக்கலாம்? "என்னைத் தவறினால் என் கூட்டத்தையே இழிவாகச் சொல்வார்களே" என்ற பயம் உள்ளே ஓடியிருக்கலாம். கணக்கில் நிற்க வேண்டிய கவனத்தை அந்தப் பயம் தின்றுவிடக்கூடும்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, உம்மிடம் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறதே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பெரும் ஸஹாபிக்கே அந்தக் கண்டிப்பு என்றால், நாம் எம்மாத்திரம்?

என் தவறையும் சொல்கிறேன். மக்தபில் ஒரு மாணவனை "மந்தம்" என்றே கூப்பிட்டு வந்தேன். வீட்டில் சரளமாக ஓதுகிறான் என்று அவனுடைய உம்மா சொன்னார். என் முன்னால் வந்தால் நாக்குக் குழறும். ஒருநாள் தனியே உட்காரவைத்து, பெயர் சொல்லி அழைத்து, ஓதச் சொன்னேன். பிழையில்லாமல் ஓதினான். அன்று வெட்கப்பட்டவன் நான்தான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

பெற்றோர்களே! "நம்ம பிள்ளைக்குக் கணக்கு வராது", "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு சயின்ஸ்" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

மாணவர்களே! பயம் வருவது ஈமானின் குறையல்ல. ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோது மூஸா (அலை) அவர்களும் அஞ்சினார்கள். நெஞ்சை விரிவாக்கவும், காரியத்தை இலேசாக்கவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும் கேட்டார்கள். தாஹா சூராவிலுள்ள அந்த துஆவை ஓதிவிட்டு வினாத்தாளைத் திறங்கள். படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளைப் பேணி, நம் பிள்ளைகளின் நெஞ்சங்களை விரிவாக்குவானாக! ஆமீன்.