வகுப்பறைக்கு வந்த வேதம்

சமயத்தைக் கல்லூரியில் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு சமயத்தை ஏற்று, அதன் உள்ளே நின்று அதன் நூல்களையும் கோட்பாடுகளையும் ஆராய்வது இறையியல். எந்தச் சமயத்துக்கும் கட்டுப்படாமல், சமயங்களை மனித வரலாற்றின் பகுதியாக ஆராய்வது சமயவியல். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இவை நெடுங்காலம் பிரியாமல் இருந்தன. நெதர்லாந்தில் 1877இல் நடைமுறைக்கு வந்த உயர்கல்விச் சட்டம் ஒரு கோடு போட்டது. சமய வரலாறு போன்ற பாடங்கள் அரசுப் பேராசிரியர்களிடம் இருந்தன. கோட்பாட்டு இறையியலைக் கற்பிப்பது திருச்சபை நியமித்த ஆசிரியர்களின் வேலையாயிற்று. அமெரிக்காவில் 1963இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசுப் பள்ளிகளில் வழிபாடாகக் கிறிஸ்தவ வேதமான பைபிளை வாசிப்பதைத் தடுத்தது. சமயத்தை ஒரு பாடமாகப் படிக்கத் தடையில்லை என்றும் சொன்னது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் 1967இல் சமயவியலுக்கெனத் தனித்துறை தொடங்கினார். நம்புகிறவரின் இடத்தில் நின்று பார்ப்பது, ஆனால் தன் தீர்ப்பைச் சற்று ஒதுக்கி வைப்பது என்பது அவருடைய முறை.

இந்தியாவில் சிக்கல் வேறு விதமானது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது கூறு. போதிப்பதும் ஆராய்வதும் வெவ்வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 1971இல் குரு நானக் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கிலும், 2002இல் பள்ளிப் பாடத்திட்டம் தொடர்பான வழக்கிலும் தெளிவுபடுத்தியது. ஆனாலும் தயக்கம் போகவில்லை. பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம் போல, பல சமயங்களையும் ஒரே கூரையின்கீழ் படிக்கும் துறை வைத்திருப்பவை மிகச் சில. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறிஸ்தவம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் அமைந்தன. ஒவ்வொரு சமயமும் தன் வீட்டைத் தானே பராமரித்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு இது. சண்டை வராது, உண்மைதான். ஆனால் அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வராது.

ஆக, நம் நாட்டில் சமயத்தை முழுநேரப் படிப்பாக எடுப்பவர்களில் பெரும்பாலோர் தத்தம் சமயம் நடத்தும் நிறுவனங்களிலேயே படிக்கிறார்கள். கத்தோலிக்கருக்குக் குருமடங்கள். முஸ்லிம்களுக்கு அரபுக் கல்லூரிகள். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் முடித்தவர் தம் பெயருக்குப் பின்னால் ‘பாகவி’ என்று போட்டுக்கொள்வது வழக்கம். சீர்திருத்தத் திருச்சபைகளின் இறையியல் கல்லூரிகளில் பல, வங்காளத்தின் செராம்பூர் கல்லூரியோடு இணைந்தவை. அந்தக் கல்லூரியை ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியும் தோழர்களும் 1818இல் தொடங்கினார்கள். செராம்பூர் அன்று டென்மார்க்கின் கையில் இருந்ததால், பட்டம் வழங்கும் உரிமை 1827இல் டேனிஷ் அரசரின் பட்டயமாக வந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தி முதல் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டங்கள் வழங்கப்பட்டது 1915இல்தான். மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், சென்னை கீழ்ப்பாக்கத்துக் குருகுலமும் இந்த மரபில் வந்தவை.

இந்தக் கல்லூரிகளுக்கு வந்து சேரும் மாணவர் தனியாளாக வருவதில்லை. பெரும்பாலும் அவருக்குப் பின்னால் ஒரு சபையும், பேராயரின் பரிந்துரையும், பிறந்ததுமே பிள்ளையை ஊழியத்துக்கு என்று நேர்ந்துவிட்ட தாயும் இருக்கக்கூடும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் நாக்கிலேயே இருக்கும். முதல் ஆண்டில் எபிரேயமும் கிரேக்கமும் தொடங்குகின்றன. அதோடு வேறொன்றும் தொடங்குகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதர் கடைசியில் படைக்கப்படுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் விலங்குகளுக்கு முன்பே படைக்கப்படுகிறார். இரண்டும் வெவ்வேறு காலத்து மரபுகள் என்று வகுப்பில் சொல்கிறார்கள். மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து ஆகமங்களும் பல கைகள் எழுதிச் சேர்த்தவை என்னும் கருத்தை ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் வெல்ஹவுசன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநிறுத்தினார். ஏசாயாவின் 40ஆம் அதிகாரம் முதலான பகுதி பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் வேறொருவர் பாடியது என்பதும் பாடம். மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், கிடைத்துள்ள மிகப் பழைய முழுமையான கிரேக்கப் பிரதிகள் இரண்டிலும் இல்லை.

இவை எதுவும் புதிய செய்தியல்ல; நூறாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் இருப்பவை. மாணவருக்கு மட்டும் புதிது. சிலர் சில வாரங்கள் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள். சிலர் தேர்வுக்கு வேண்டியதை எழுதிவிட்டுப் பழைய நம்பிக்கையைத் தனியே பூட்டி வைக்கிறார்கள். ‘செமினரிக்குப் போனால் விசுவாசம் போய்விடும்’ என்று சபைகளில் உலவும் பேச்சு இந்த முதல் ஆண்டைப் பற்றியது. ஆனால் படித்ததனால் கடவுளையே விட்டவர்கள் அதிகமில்லை. பெரும்பாலோர் மீள்கிறார்கள், நூலுக்கும் அதன் பொருளுக்கும் உள்ள உறவை வேறு விதமாகப் புரிந்துகொண்டு மீள்கிறார்கள். கடினமான கட்டம் அதன் பிறகு, விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பிரசங்க மேடையில் ஏறும்போது வருகிறது. முன் வரிசையில் இருக்கும் பாட்டிக்கு, அவர் கண்ணீரோடு நம்பும் அதிகாரத்தை யார் எழுதினார்கள் என்ற ஆராய்ச்சி எதற்கு? சொல்லாமல் விடுவது அன்பா, ஏமாற்றா? இந்தக் கேள்விக்குக் கல்லூரியில் மதிப்பெண் கிடையாது. ஆயர்களில் பலர் வகுப்பில் ஒரு மொழியும் மேடையில் ஒரு மொழியுமாக வாழப் பழகிவிடுகிறார்கள். இறையியல் படிப்பின் உண்மையான விலை இந்த மௌனம் என்று கொள்ளலாம்.

இந்த மௌனத்தை உடைக்க முயன்றவர்களும் உண்டு. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981இல் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியலின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. சபையில் பெரும்பான்மையாக இருக்கும் தலித்துகளின் வாழ்வு பாடத்திட்டத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி அதிலிருந்து வலுப்பெற்றது. அரசரடிக் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்ற பெயரில், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். அக்கல்லூரியின் மாணவர்கள் வளாகத்தை விட்டு ஏழை மக்கள் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் காலமும் பயிற்சியின் பகுதியாயிற்று. ஒரு வேதப் பகுதியை யார் எழுதினார் என்ற கேள்வியோடு, அதை யார் எந்தக் குடிசையில் எப்படிக் கேட்கிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. படித்ததைச் சொல்ல ஓர் இடம் அப்படித்தான் கிடைத்தது.

பிற சமயங்களைப் படிப்பதில் இன்னொரு நெருக்கடி இருக்கிறது. பிறர் சமயத்தைப் படிப்பது தமிழுக்குப் பழகிய துறைதான். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள் மணிமேகலை. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்தது. பரபக்கம் பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கிறது. மறுப்பதற்காகவேனும் எதிராளியை ஒழுங்காகப் படித்தாக வேண்டும் என்ற நேர்மை அதில் உண்டு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். மனம் மாற்ற அனுப்பப்பட்டவர் இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தவர்களுக்கு. நூல் அச்சேறியது 1867இல், சென்னையில். மறுக்க வந்தவர் படிக்கப் படிக்க வியந்ததன் தடயங்கள் அந்த நூலில் இருக்கின்றன.

இன்றைய கல்லூரிகளில் பிற சமயங்கள் பற்றிய பாடம் உண்டு. அதில் மதிப்பெண் வாங்குவது எளிது; பக்கத்துத் தெருக் கோயில் பூசாரியிடமோ பள்ளிவாசல் இமாமிடமோ உட்கார்ந்து பேசுவது அவ்வளவு எளிதல்ல. பட்டம் பெற்றபின் பெரும்பாலோர் சபைக்கே போகிறார்கள். சிலர் ஆய்வுக்கும் ஆசிரியப் பணிக்கும் திரும்புகிறார்கள். சபைக்குப் போனவர்களில் துணிந்த சிலர், மேடையில் சொல்லாததைப் பேச, வாரநாள் வேதபாடக் கூட்டத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். அங்கே பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள். கேள்வி கேட்கலாம், குறுக்கே பேசலாம். ஆதியாகமத்தின் இரண்டு படைப்புக் கதைகளையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, என்ன வித்தியாசம் தெரிகிறது என்று மட்டும் ஆயர் கேட்கிறார். மனிதர் முன்னால் வந்தாரா பின்னால் வந்தாரா என்று கூட்டத்தில் யாராவது ஒருவர், ஒரு பட்டமும் இல்லாமல், கண்டுபிடித்துவிடுகிறார்.