எதற்கு நேராக?

நேர்மை என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கோடு இருக்கிறது. நேராக நடப்பவர் நேர்மையானவர். எதற்கு நேராக என்று யாரும் கேட்பதில்லை. விடுமுறை நாட்களில் குயில்ட் தைக்கிற எனக்கு, அந்தக் கேள்வி துணியிலிருந்துதான் வந்தது.

குயில்ட்டுக்கு நீளப் பட்டைகள் வேண்டும். 44 அங்குல அகலத் துணியைக் கரையோடு கரை சேர்த்து இரண்டாக மடித்து, மேலே ஸ்கேலை வைத்து, ரோட்டரி கட்டரை ஒரே ஓட்டாக ஓட்ட வேண்டும். விளிம்பு அச்சுப்போல நேராக வரும். ஆனால் ஸ்கேல் மடிப்புக்குச் செங்குத்தாக இல்லையென்றால், பட்டையைப் பிரிக்கும்போது அது நடுவில் முழங்கை மாதிரி வளைந்திருக்கும். கை நடுங்கவில்லை, ஸ்கேலும் கோணவில்லை. அந்த விளிம்பிலிருந்து அளந்து வெட்டும் அடுத்த பட்டையும் அதே அகலத்தில், அதே வளைவோடு வரும்.

"நான் என் கொள்கையிலிருந்து ஒருநாளும் மாறியதில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்க்கும்போது இந்தப் பட்டைகள்தான் ஞாபகம் வருகின்றன. மாறாமல் இருப்பது வேறு, நேராக இருப்பது வேறு. மடிப்பைப் பிரிச்சுப் பார்த்தால்தானே தெரியும்!

தைக்கும்போது இன்னொரு சிக்கல். குயில்ட்டில் தையல் விளிம்பு கால் அங்குலம். அதில் ஒரு வீசம் கூடினால் இரண்டு துணியிலும் சேர்த்து அரைக்கால் அங்குலம் குறையும். எட்டுத் தையலில் ஒரு அங்குலம் காணாமல் போய்விடும். தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தத் தையலிலும் குற்றம் சொல்ல முடியாது. தவிர, மெஷினின் பல் அடித்துணியைக் கொஞ்சம் வேகமாக இழுக்கும். எல்லாப் பட்டையையும் ஒரே முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனால் மொத்தமும் வில்லாக வளையும். அதனால் ஒன்றை மேலிருந்து தைத்தால் அடுத்ததைக் கீழிருந்து தைப்பார்கள். இழுப்பை ஒழிக்க முடியாது, எதிர் இழுப்பால் ஈடுகட்டலாம்.

மென்பொருள் வேலையிலும் இதைப் பார்க்கிறேன். "போன தடவையும் இப்படித்தானே பண்ணோம்" என்ற ஒரு வரி போதும், எதுவும் அனுமதியாகிவிடும். நேற்றோடு ஒப்பிட்டால் இன்று ஒரு வீசம்தான் விலகல். தொடங்கிய இடத்தோடு ஒப்பிட யாருக்கும் நேரமில்லை. பெரிய அநியாயங்களில் பலவும் இப்படி வீசம் வீசமாகச் சேர்ந்தவைதான் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் கோணல் எல்லாமே பிழையா? அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள், அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள், தேய்ந்துபோன வேலை உடுப்புகளைக்கூட வெட்டிக் குளிருக்குக் குயில்ட் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் அவை மாட்டப்பட்டன. பட்டைகள் சாய்கின்றன, அகலம் கூடிக் குறைகிறது. ஆனாலும் அவற்றில் ஒன்றைக்கூடப் பிசகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் என்று யோசித்தேன். அங்கே கோணல் ஒளிந்திருக்கவில்லை. ஒரு பட்டை சாய்ந்தால் அடுத்தது அதற்குப் பதில் சொல்வதுபோல வருகிறது. தைத்தவர் முழுப் போர்வையையும் கண்ணில் வைத்திருந்தார் என்று தோன்றுகிறது. என் முழங்கைப் பட்டையில் சாய்வு தெரியாமல் நுழைகிறது, தெரியாமலே பெருகுகிறது. ஆகவே குற்றம் விலகுவதில் இல்லை, விலகியதைப் பார்க்க மறுப்பதில் இருக்கிறது.

நேர்மையை ஒருமுறை சம்பாதித்து வைத்துக்கொள்ளும் குணமாக நாம் பேசுகிறோம். பட்டை வெட்டுபவர்களின் பழக்கம் அதைவிடச் சாதாரணமானது. மூன்று நான்கு பட்டைகளுக்கு ஒருமுறை நிறுத்தி, ஸ்கேலை மறுபடி மடிப்போடு பொருத்தி, விளிம்பை ஒரு நூலளவு சீவிவிட்டுத் தொடர்கிறார்கள். கொஞ்சம் துணி வீணாகும். அந்த நஷ்டத்துக்குச் சம்மதிக்காதவர் நேராக வெட்டவே முடியாது.