மேல் தானியமும் அடித் தானியமும்

 

பிராணியின் உயிரணுவை எஃகுத் தொட்டியில் வளர்த்து இறைச்சியாக்கும் முறைக்கு உலகிலேயே முதன்முதலாக, 2020 டிசம்பரில், விற்பனை அனுமதி அளித்தது சிங்கப்பூர். இது கூடுமா என்ற மஸ்அலாவுக்கு முயிஸின் ஃபத்வாக் குழு 2024 பிப்ரவரியில் விடை தந்துவிட்டது. உயிரணு ஹலாலான பிராணியினுடையதாக இருந்து, தயாரிப்பில் ஹலால் அல்லாதது கலவாதிருந்தால் கூடும். (குர்பானிக்கு இது ஈடாகாதென்பது சொல்லாமலே விளங்கும்.)

வியாபாரிகளாகிய நமக்கு இன்னொரு கேள்வி உண்டு. "பூமியைக் காக்கும் இறைச்சி" என்று இச்சரக்கு நம் கடைக்கு வந்தால், அந்தச் சொல்லை வாடிக்கைக்காரரிடம் நம் வாயால் நாம் சொல்லலாமா?

சந்தையில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த வரலாற்றை நாமெல்லாம் அறிவோம். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள் நாயகம்.

இந்தக் குவியலிலும் கையை விடுவோம். மேல் தானியம் நல்ல தானியமே. ஆடுமாடுகள் அசைபோடுகையில் வெளிவிடும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. மேய்ச்சல் நிலத்துக்காக அமேசான் காடு அழிகிறது. மனிதரால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைத் தொழிலால் வருவதாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது.

அடியில் என்ன? தொட்டியை இரவு பகலாக உடற்சூட்டில் வைத்திருக்க மின்சாரம் வேண்டும். சிங்கப்பூர் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இயற்கை எரிவாயுவை எரித்தே வருகிறது. மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் கரைந்துவிடும். எரிவாயு எரிந்து வரும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். ஆகையால் மின்சாரம் தூய்மையாகாதவரை, நெடுங்காலத்தில் இது மாட்டிறைச்சியைவிட மேலென்று சொல்லிவிட முடியாதென 2019-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் எழுதினர். சூரிய ஒளி மின்சாரத்தில் தொட்டி ஓடினால் கணக்கு மாறும்.

மேலும், இங்கு முதலில் அனுமதி பெற்றது கோழி; அது அசைபோடும் பிராணியே அல்ல! 2024 மே மாதம் இங்கே சில்லறைக்கு வந்த பொட்டலத்திலோ வளர்ப்பு இறைச்சி 3 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி தாவரச் சரக்கு. விற்றவர்கள் அதை மறைக்கவில்லை. அந்த மட்டில் அவர்கள் நனைந்ததை மேலேதான் வைத்தார்கள்.

சரக்குக் கொண்டு வருபவரிடம் ஹலால் சான்றிதழை முதலில் கேட்போம். அடுத்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, பொட்டலத்தில் இறைச்சி எத்தனை பங்கு என்றும் கேட்போம். இரண்டாவதற்கு விடை வராவிட்டால் சரக்கை விற்கலாம். அந்தப் பலகையை மட்டும் நம் கடை வாசலில் மாட்ட வேண்டாம்.