ஒரு சிட்டிகை போரான்

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் ஸ்டான்லி பான்ஸும் செய்தியாளர்களைக் கூட்டி, அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவை, அதாவது ‘குளிர் இணைவை’, நிகழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். கனநீர்க் கலத்தில் ஒரு பல்லேடியம் கம்பி, மின்சாரம் பாயக் கொஞ்சம் லித்தியச் சேர்மம். ஏற்பாடு அவ்வளவுதான். அதையே செய்து பார்த்த பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அவர்கள் சொன்ன கூடுதல் வெப்பம் கிடைக்கவில்லை.

அப்படியானால் கலவையில் ஏதோ விட்டுப்போயிருக்க வேண்டும் என்றார்கள் ஆதரவாளர்கள். கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் மைக்கேல் மெக்குப்ரேயின் குழு மின்பகுளியில் அலுமினியமும் சிலிக்கனும் சேர்த்தது. பல்லேடியம் அணுக்கள் பத்துக்குக் கனநீரிலுள்ள டியூட்டீரியம் அணுக்கள் ஒன்பதாவது உள்ளே ஏறினால்தான் வெப்பம் எழும் என்பது அவர்கள் கணக்கு. போரான் கலந்த பல்லேடியத்தில் வெப்பம் கண்டதாக எழுதினார் அமெரிக்கக் கடற்படை வேதியியலாளர் மெல்வின் மைல்ஸ்.

இவற்றைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. சிலிக்கனில் கோடி அணுக்களுக்கு ஒன்றாகப் போரான் கலந்தாலே அதன் மின்கடத்தும் திறன் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்கிறது. நம் கைப்பேசிகள் இயங்குவதே இத்தகைய கலப்பால்தான். ஆனால் எவ்வளவு கலந்தால் எவ்வளவு மாறும் என்பதைக் குறைக்கடத்தி இயற்பியல் முன்கூட்டியே சொல்லிவிடும். குளிர் இணைவிலோ, சேர்மானத்தின் பெயர் பல நேரம் தோல்விக்குப் பிறகுதான் வந்தது.

அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934-இல் எச்சரித்தது இதைத்தான்: பொய்த்த கருத்தைக் காப்பாற்றப் புதுப்புது நிபந்தனைகளை ஒட்டிக்கொண்டே போனால், எந்தச் சோதனையும் அதைத் தொட முடியாது. அறிவியல் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் இன்னொரு முடிச்சைக் காட்டினார். கருவி சரியா என்பதற்கு விளைவு சாட்சி; விளைவு மெய்யா என்பதற்குக் கருவி சாட்சி. இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஆய்வாளரின் உறுதியான நம்பிக்கை உதவாது.

2011-இல் இத்தாலியின் பொலோனியாவில் ஆந்த்ரேயா ரோஸ்ஸி நிக்கலும் ஹைட்ரஜனும் கொண்டு வெப்பம் தருவதாகச் சொன்ன கருவியைக் காட்டினார். வினையூக்கி எது என்பதை மட்டும் மறைத்தார். மறைத்த பொருளைப் பற்றி விவாதமே நடத்த முடியாது. அங்கே அறிவியல் கேட்பவரிடம் பக்தியைக் கேட்கிறது.

கூகுள் நிதியுதவியுடன் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது: குளிர் இணைவுக்கு ஆதாரம் இல்லை. அத்துடன், பல்லேடியத்தில் அவ்வளவு டியூட்டீரியத்தை ஏற்றி நிறுத்துவதே பெரும்பாடு என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. போரானை நம்புகிறவர்கள் அதன் அளவையும் எதிர்பார்க்கும் வெப்பத்தையும் முதலில் எழுதி வெளியிடட்டும். போரான் இல்லாத கலம் ஒன்றையும் பக்கத்திலேயே வைத்து, அளக்கும் பொறுப்பைத் தங்களை நம்பாதவர்களிடம் ஒப்படைக்கட்டும்.