அஞ்சாமையும் அடக்கமும்

நாள்தோறும் நாற்பது மாணவர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும், தேவாலயத்தில் வழிபாட்டை முன்னின்று நடத்த அழைக்கப்படும்போது நா உலர்ந்து நிற்பதுண்டு. அந்த நடுக்கம் குறையா, குணமா? அதனை அறவே நீக்கிவிடல் வேண்டுமா? இஃது எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

முன்னாளில் இவ்வினா சிலருக்கே உரியதாயிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டில் நெடுங்காலம் இலத்தீன் மொழியே பெரிதும் ஆட்சி செலுத்தியது. 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் மக்கள் மொழிகளுக்கு வாயில் திறந்தது. திருமறை வாசகத்தைப் படிக்கவும் மன்றாட்டுகளைச் சொல்லவும் பொதுநிலையினர் முன்வந்தனர். மெதடிஸ்ட் சபையிலோ, குருப்பட்டம் பெறாதவரும் அருளுரை ஆற்றுதல் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே வழக்கம். பொறுப்புப் பலருக்குரியதானபோது நடுக்கமும் பலருக்குரியதாயிற்று.

நாவன்மை தமக்கில்லை என்று மோசே தயங்கியதை யாத்திராகமம் கூறும். அவருக்குத் துணையாக அண்ணன் ஆரோன் அளிக்கப்பட்டார். அதே மோசே மக்களுக்கு ஆற்றிய உரைகளே உபாகமத்தின் பெரும்பகுதியாக விளங்குகின்றன. அந்தத் தயக்கத்திற்கும் இவ்வுரைகளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பதாண்டுப் பணி இருந்தது. துணையும் தொண்டுமே துணிவை வளர்க்கின்றன என்பதற்கு இது சான்றாகும்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். இவ்வைப்புமுறை பொருள் பொதிந்தது. வழிபாட்டுக்குக் கூடிய அவையில் துணையை இழந்த மூதாட்டி இருப்பார். தேர்வில் தோற்ற இளைஞன் இருப்பான். தமிழ் எழுத்தறியாச் சிறுவரும் இருப்பர். இவர்களுக்கு எது தேவை என்று எண்ணுபவர், தம்மைப் பிறர் எவ்வாறு மதிப்பரோ என்னும் கவலையை மறக்கிறார். அச்சத்தின் ஆணிவேர் பெரும்பாலும் அக்கவலையே.

உள்ளத்திலிருந்து எழவேண்டிய வழிபாட்டுக்குப் பயிற்சி எதற்கு, பயின்ற குரல் நடிப்பாகாதா என்று சிலர் வினவுவர். இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. தடுமாறிப் படிப்பவரைக் கண்டு அவையோர் அவருக்காக இரங்குகின்றனர். பகட்டாகப் படிப்பவரைக் கண்டு வியக்கின்றனர். இரண்டிடத்தும் படிப்பவரே முன்னிற்கிறார். படிக்கப்படும் சொல் பின்னடைகிறது. அச்சொல்லை முன்னிறுத்தும் பயிற்சி நடிப்பாகாது. கேட்போர்க்குச் செய்யும் கடமையாகும்.

அப்பயிற்சி எளியது. வாசகத்தை முதல்நாளே வாய்விட்டு மும்முறை படித்தல் வேண்டும். மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளல் நன்று. முதல் வாக்கியத்தை மனத்தில் பதித்து, கடைசி வரிசையில் இருப்பவர்க்குக் கேட்குமாறு நிதானமாகத் தொடங்குதல் நலம். பயிற்றுவிப்போர் ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டுமே சுட்டுதல் வேண்டும். பல குறைகளை ஒருங்கே கேட்பவன் மீண்டும் எழுந்து நிற்கத் துணியான்.

இத்தனைக்குப் பின்னும் சிறு நடுக்கம் எஞ்சுமாயின், அதைப் பகையெனக் கருதவேண்டுவதில்லை. கவியரசராகிய கம்பரும் தம் காப்பியத்தின் பாயிரத்தில் அவையடக்கம் பாடினார். அவையஞ்சாமையும் அவையடக்கமும் ஒன்றற்கொன்று பகையல்ல. தமிழ் மரபு இரண்டையும் ஒருவரிடத்தே எதிர்பார்த்தது. இறைவன் திருமுன் மக்களுக்காக நிற்பவருக்கு இவ்விரண்டும் வேண்டும். அஞ்சாமை அவர் குரலை மக்களிடம் சேர்க்கும். அடக்கம் மக்களின் உள்ளத்தை அவரிடமே நிறுத்திவிடாமல் இறைவனிடம் சேர்க்கும்.